ஒறம்பரைக் குழந்தை

ஜூலை 1, திங்கள்

பெயிண்டர் ஒருவழியாக வேலையை முடித்துவிட்டுப் போனார். சுவரில் யானை வரையச் சொன்னால், எருமைக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். "ஏனுங்க, இது யானைங்களா?" என்றேன். "கொழந்தைங்களுக்குத் தெரியுதுங், உங்களுக்குத்தான் தெரியமாட்டீங்குது" என்கிறார். திமிரைப் பார்.

பெரிய செய்தி வேறு. மாவட்டத்தின் மாதிரி அங்கன்வாடியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். கடைசிச் சுற்றில் எங்கள் மையமும் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் அனுராதா மேடம் போன் செய்தார். பதினெட்டாம் தேதி சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பார்க்குமாம். கல்யாணமான வருஷம் இந்த வேலைக்கு வந்தவள் நான். இப்போது மகளே கல்லூரிக்குப் போகிறாள். வட்டார அலுவலகத்தில் இன்னமும் என்னை "அந்தப் பண்ணைக்குப் பக்கத்து சென்டர் டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். வசந்தாமணி என்று ஒருத்தி இருப்பது இந்தத் தடவையாவது தெரியட்டும்.

வீட்டில் சொன்னேன். "இனிமே கலெக்டரம்மான்னுதான் கூப்பிடோணுமா?" என்கிறார் இவர். கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூலை 4, வியாழன்

எடை போடும் நாள். காலையிலிருந்து அழுகையும் கூச்சலும்தான். உதவியாளர் ருக்மணியக்கா ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி மெஷினில் நிறுத்த, நான் எடையையும் உயரத்தையும் போனில் ஏற்றினேன். ஏற்றியதும் அதுவே நிறம் காட்டும். வளர்ச்சி சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு.

தன்ஷிகாதான் எப்போதும்போல மெஷினில் நிற்காமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வயது முடிந்துவிட்டது, பார்த்தால் இரண்டு என்பார்கள். அவள் அம்மா மேகலா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை செய்கிறாள். அப்பன் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் ஆளைக் காணோம். பண்ணை ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒற்றை அறை. பிள்ளை எங்கள் மையத்தில் சாப்பிடுவதுதான் வயிறாரச் சாப்பிடுவது. வாயாடி. பாட்டு எல்லாம் முதல் ஆளாகப் பாடுவாள். சாப்பாட்டுத் தட்டை அவளே எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே உட்காருவாள். வேறு யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்தால் சண்டைதான்.

மெஷின் சில நாள் முன்பின் காட்டுகிறது. ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். எல்லாம் பச்சை.

ஜூலை 5, வெள்ளி

புது மெஷின் கேட்டு எழுத வேண்டும். ருக்மணியக்கா "மிஷினு நல்லாத்தான இருக்குது டீச்சரம்மா" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 10, புதன்

அனுராதா மேடம் நேரில் வந்தார். சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, பொம்மைகள் எல்லாம் பார்த்தார். யானையைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் பட்டியலைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"பரவால்ல வசந்தா, எல்லாம் பச்சையா வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். தன்ஷிகா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். குச்சி மாதிரியான அந்தக் கையைப் பார்த்தால் எவருக்கும் தெரியும்.

"வர்றவங்க போனை மட்டும் பாக்க மாட்டாங்க. கொழந்தைங்களையும் பாப்பாங்க. புரியுதுங்களா?" என்றார்.

புரிந்தது என்று தலையாட்டினேன்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி பிறந்திருக்கிறது. வீட்டில் ஆடி வழக்கப்படி தேங்காய் சுட்டு முடிப்பதற்குள் மையத்துக்கு ஓட்டம். தோரணம் கட்டி, பாய்களைத் துவைத்துக் காயப் போட்டு, இடுப்பே விட்டுப் போயிற்று.

சாயந்திரம் மேகலா பிள்ளையைக் கூப்பிட வந்தபோது, நாளைக்கு மட்டும் பாப்பாவை வீட்டில் வைத்துக்கொள் என்றேன். எல்லோருக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"எதுக்குங் டீச்சர்?"

"கூட்டமா இருக்கும் கண்ணு. பாப்பாவுக்கு வேற இருமல்."

"இருமல் இல்லீங்களே டீச்சர்."

"வந்தறப் போகுதுன்னுதான் சொல்றேன். ஒரு நாள்தான?"

"நாளைக்குப் பண்ணைல மருந்தடிக்கறாங்க டீச்சர். கொழந்தைய உள்ள விடமாட்டாங்க" என்றாள். பிறகு அவளே, "சரிங், பாத்துக்கறனுங்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன்ஷிகா கையாட்டிக்கொண்டே போனாள்.

ஒரு நாள்தானே. குழந்தைகள் லீவு போடுவதே இல்லையா என்ன.

ஜூலை 18, வியாழன்

குழு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மிகவும் பாராட்டினார்கள். அசதி.

ஜூலை 19, வெள்ளி

தன்ஷிகா வரவில்லை. நேற்றைய பொங்கல் மீதி இருந்ததால் நாய்க்கு நல்ல வேட்டை.

ருக்மணியக்கா இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அரிசி களைந்தாயா என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வருகிறது.

ஜூலை 22, திங்கள்

இன்று முட்டை நாள். தன்ஷிகா வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே பண்ணையார் வீட்டுப் பேரன் போய் உட்கார்ந்தான். நான்தான் வேறு இடத்தில் உட்காரச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அவனும் கேட்கவில்லை.

ஜூலை 24, புதன்

மேடம் போன் செய்தார். எங்கள் மையம் தேர்வாகிவிட்டது. ஆகஸ்ட் பதினான்காம் தேதி விழா, கேடயம் தருகிறார்கள். வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்லும்போது குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். என் டைரியிலேயே பயந்து பயந்து எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்.

பதினெட்டாம் தேதி வந்த குழுவில் மூன்று பேர். அதில் ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்ட, கனிவான முகம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். போன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சிவப்புல ஒரு குழந்தைகூட இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். "இருந்தா நல்லாருக்கும்னு கேக்கல. அடுத்த மாசத்துல இருந்து அந்த மாதிரி குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டி தர்றோம், அம்மாவுக்கும் சேர்த்து. டாக்டரே மாசாமாசம் வந்து பார்ப்பாங்க. அதுக்குத்தான் ஒவ்வொரு மையமா விசாரிக்கிறேன்" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மேடம் பக்கத்தில் நின்றார். நான் திறக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சமையல் கட்டு வழியாகத் தன்ஷிகா ஓடி வந்தாள். ரோஸ் நிறப் புது கவுன், தலையில் இரண்டு குடுமி. மருந்தடிக்கிற நாளில் பிள்ளையை எங்கே விடுவாள் மேகலா? பின்பக்கமாகக் கொண்டுவந்து ருக்மணியக்காவிடம் சமையல் கட்டில் உட்கார்த்தி வைக்கத்தான் வந்திருக்கிறாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் பிள்ளை கையை உதறிக்கொண்டு வந்துவிட்டது. நேராகத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தது.

"இந்தப் பாப்பா?" என்றார் டாக்டரம்மா.

நான் சொன்னேன்: "இது எங்க மையத்துக் கொழந்தை இல்லீங். பக்கத்து ஊர்லருந்து ஒறம்பரைக்கு வந்திருக்குதுங்க. சும்மா வெளையாட வந்துருச்சு."

உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த குழந்தையாம். தினம் என் கையால் சோறு வாங்கித் தின்கிற குழந்தையை அப்படிச் சொன்னேன். கூசாமல் சொன்னேன். நாக்கு ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை.

தலையைத் திருப்பினால் சமையல் கட்டு வாசலில் மேகலா. எல்லாம் கேட்டுவிட்டாள். இப்போது போட்டு உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். தட்டைப் பிள்ளையின் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க. நாங்க ஒறம்பரைக்கு வந்தவங்கதானுங்க" என்றாள்.

எனக்காகச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்காமலே சொன்னாள். டாக்டரம்மா பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து, "ரொம்ப வத்தலா இருக்காளேம்மா. உங்க ஊர் அங்கன்வாடியில கட்டாயம் காட்டுங்க" என்றார். "காட்டறனுங்" என்று தலையாட்டிவிட்டு, வந்த வழியே போனாள். தன்ஷிகா தோளுக்கு மேல் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். "டீச்சர், சோறு" என்றாள். அதற்கும் நான் சிரித்தேன். ஒறம்பரைக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

ஜூலை 4 அன்று மெஷின் சரியாகத்தான் இருந்தது. அவள் எடை சிவப்பு. நான் பச்சை வருகிற மாதிரி ஏற்றினேன். ஒன்றிரண்டு குழந்தைகள் இல்லை, ஒரே குழந்தைதான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெறுமனே வெட்கம் என்று எழுதினால் போதவில்லை. சோற்றில் கை வைத்தால் கை கூசுகிறது.

ஜூலை 27, சனி

பண்ணை லைனுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் சத்துமாவுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேகலா என்னைப் பார்த்ததும் அவசரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி வந்தாள். "வாங் டீச்சர், உக்காருங் டீச்சர்." டீ போட்டாள். பாலுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஓடியிருப்பாள். எனக்காக.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. "ஏன் கண்ணு அனுப்பறதில்ல?" என்று கேட்டேன்.

"நீங்களே என்னமோ காரணமாத்தான சொல்லிருப்பீங்க டீச்சர். என்னாலதான் உங்களுக்குச் சங்கடம். பின்னாடி வழியா வந்தாத் தெரியாதுன்னு நெனச்சுட்டனுங். மேடம் உங்களத் திட்டிப்புட்டாங்களா?"

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "பாலு எந்த வீட்ல வாங்கறே, நல்லாருக்குதே" என்று வந்தது. டீயைக் குடித்துவிட்டுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை அனுப்பு என்றேன். சரிங் என்றாள். சரி என்று சொல்லத்தான் அவளுக்குத் தெரியும்.

ஜூலை 29, திங்கள்

அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போய் வந்தோம். மகள் ஊருக்கு வந்திருக்கிறாள். கேடயம் எங்கே மாட்டுவது என்று அப்பாவும் மகளும் ஒரே சண்டை. டிவிக்கு மேலே என்கிறார் இவர். மையத்தில்தான் மாட்ட வேண்டும் என்கிறாள் மகள். நான் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஏரிக்கரை ஊர் மையத்திலிருந்து தேன்மொழி போன் செய்தாள். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசுவாள்.

"அக்கா, தன்ஷிகான்னு ஒரு பாப்பாவ அவங்கம்மா இங்க சேக்கக் கூட்டிட்டு வந்தாங்கக்கா. தெனம் நடந்தே வர்றாங்க. ஆதார் போட்டா உங்க மையம்னு காட்டுதுங்கக்கா."

"ஆமா கண்ணு."

"அதுல எடை பச்சைன்னு இருக்குதுங்க. நான் போட்டுப் பாத்தா நல்ல சிவப்பு. ஒரு மாசத்துல இப்படி எறங்காதுங்களே. ஏதாச்சும் மாறிருச்சுங்களா?"

அவளே சொன்னாள். "ஊட்டச்சத்துப் பெட்டிக்கு எழுதறதுன்னா நீங்க போன மாச எடையச் சரி பண்ணி, அவளை எங்க மையத்துக்கு மாத்திவிடோணுங்கக்கா. அப்பத்தான் வாங்க முடியும். கொஞ்சம் சீக்கிரமாப் பண்ணிருங்க. பாப்பாவுக்குக் காச்சல் வேற வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க."

பார்க்கிறேன் கண்ணு என்றேன்.

டாக்டரம்மா சொன்னதை மேகலா அப்படியே கேட்டிருக்கிறாள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் காட்டுங்கள் என்றார் அல்லவா? எங்கள் ஊர் அவள் ஊர் இல்லை என்று நான் சொல்லிவிட்டேனே. அதனால் வேறு ஊர் தேடிப் போயிருக்கிறாள். வேலைக்குப் போகும் முன்னே விடிகாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வரை நடக்கிறாள்.

ஆகஸ்ட் 7, புதன்

மேடத்திடம் சொன்னேன். எடையைத் திருத்த வேண்டும் என்றேன்.

"பதினாலாந்தேதி முடியட்டுங்க வசந்தா. இப்பத் திருத்துனா மேல கேள்வி வரும். உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான். ஒரு வாரத்துல கொழந்தைக்கு என்ன ஆகிறப் போகுது?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். மேடத்தின் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக முடியாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விழாவுக்குப் பட்டுச் சேலை எடுக்கச் சொல்கிறாள் மகள். பச்சை நிறத்தில் ஒன்று இருக்கிறது. அது வேண்டாம், வேறு கட்டுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

விழா. பெயரைக் கூப்பிட்டார்கள். வசந்தாமணி என்று மைக்கில் சரியாகச் சொன்னார்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டது. போய் வாங்கினேன். கை தட்டினார்கள். இவர் முதல் வரிசையில் நின்று போட்டோ எடுத்தார். இந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஊட்டச்சத்துக் குறைபாடு இல்லாத மையம்" என்று கேடயத்தில் பொறித்திருக்கிறது. வரும் வழியில் மடியில் வைத்திருந்தேன். அதைத் தூக்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

வாங்காமல் இருந்திருக்கலாம். போகாமலே இருந்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும். போனேன், சிரித்தேன், வாங்கினேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தேன்மொழி மறுபடி போன். தன்ஷிகாவைக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்களாம். பயப்பட ஒன்றுமில்லையாம். "உடம்புல தெம்பில்லாததாலதான் இப்படிப் படுத்துதுன்னு டாக்டர் சொன்னாருங்கக்கா. பெட்டி மட்டும் அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நான் பட்டுச் சேலை கட்டி மேடையில் நின்ற நேரம் அது ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது.

போனை வைத்ததும் எடையைத் திருத்தினேன். ஒரு நிமிஷ வேலை. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பிள்ளையை ஏரிக்கரை மையத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு வட்டார அலுவலகத்துக்கும் உள்ளதைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். கேடயத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிட்டேன். மேடம் போனில், "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்றார். விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும்.

இவரிடமும் சொன்னேன். கிண்டல் இல்லை, திட்டு இல்லை. கேடயத்தை டிவிக்கு மேலிருந்து எடுத்துப் பையில் போட்டார். போய்ப் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பெட்டி வந்துவிட்டது என்று தேன்மொழி சொன்னதும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். இந்தத் தடவை பாலைப் பற்றிப் பேசக் கூடாது. வாயில் வருவதற்கு முன் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மையத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். உள்ளே குழந்தைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழி எழுந்து வந்தாள். ஓரத்தில் ஒரு தட்டு, பாதி சாப்பிட்டபடி இருந்தது. ஆள் இல்லை.

"தன்ஷிகா வரலையா கண்ணு?"

தேன்மொழிக்குச் சங்கடமாகிவிட்டது. பின்பக்கம் பார்த்தாள்.

"வந்திருக்குதுங்கக்கா. காச்சல்ல எந்திரிச்ச புள்ளைன்னு அவங்கம்மாவும் லீவு போட்டுட்டு ஊட்டிவிட வந்தாங்க. வண்டிச் சத்தம் கேட்டதும் தூக்கிட்டுப் பின்னாடி போயிட்டாங்க. எப்பவும் இப்படித்தானுங்க. சேக்க வந்த அன்னைக்கே சொன்னாங்க. எங்க பாப்பா ஒல்லிங்க, ஆராச்சும் பெரியவங்க வந்தாச் சொல்லுங்க, நாங்களே ஒதுங்கிக்கறம்னு. அப்படியெல்லாம் இல்லீங்கம்மான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டீங்கறாங்க."

பின்பக்கம் போனேன். கழிப்பறைச் சுவரை ஒட்டி மேகலா நின்றிருந்தாள். பிள்ளையின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். தன்ஷிகா அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தது. ரொம்ப இளைத்துவிட்டது.

"நீங்கதானுங்களா டீச்சர். ஆபீசருங்கன்னு நெனச்சுட்டனுங்."

"நான் பண்ணுனது தப்பு மேகலா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எடையவும் பொய்யாத்தான் போட்டேன். ஒறம்பரைன்னு சொன்ன வாயி அழுகிப் போகோணும். பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல, உம்மேலயும் இல்ல. யாரு வந்தாலும் நீ ஒதுங்க வேண்டியதில்ல கண்ணு. நான்தான் ஒதுங்கோணும்."

காலில் விழக் குனிந்தேன். அவள் பதறிப்போய் என் தோளைப் பிடித்துவிட்டாள். "ஐயோ, என்னங் டீச்சர் இது, பெரியவங்க நீங்க" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ள போலாம் வா. பாப்பா பாதியில வந்துருச்சு. சோறு ஆறுது" என்றேன்.

அவள் நகரவில்லை. என்னையும் மையத்து வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க போங் டீச்சர். நீங்க போனதுக்கப்புறம் நாங்க வர்றமுங்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் நிற்கிறவரைக்கும் அந்தப் பிள்ளை உள்ளே போய்ச் சாப்பிடாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.